நாக் ஃபைலில் கையெழுத்துக் கேட்கிறார்கள், அசல் சான்றிதழும் அவர்களிடம்: என்ன செய்வது?

கணிதம் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 38. பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சுயநிதி கலை அறிவியல் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. தொகுப்பூதியம் 32,000 ரூபாய். வாரத்துக்கு 20 மணி நேரம் வகுப்பு. கல்லூரிகளை மதிப்பிட்டு கிரேடு தரும் தேசிய அமைப்பான நாக்கின் குழு அடுத்த மாதம் வருகிறது. இரண்டாவது க்ரைட்டீரியனுக்கு, அதாவது கற்றல் கற்பித்தல் பகுதிக்கு, இவரைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். அவர் எழுதியதில் ஒரு பகுதி அப்படியே:

“போன வாரம் ஒரே மதியத்தில் மூன்று நிகழ்ச்சி நடத்தினோம் மேடம். செமினார் ஹாலில் பேனரை மட்டும் மாற்றினார்கள். பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைத்தார்கள். தேதி தெரிகிற மாதிரி ஜியோ டேக் போட்டோ வேண்டும் என்பதால் போனில் தேதியை மாற்றி மாற்றி எடுத்தார்கள். நான் அதே புடவையில் இருந்ததால் என்னை இரண்டாவது போட்டோவில் பின்வரிசைக்குப் போகச் சொன்னார்கள். மூன்று போட்டோவிலும் மேஜை மேல் அதே பூங்கொத்து.”

இப்போது மூன்று வருடத்துக்கான மென்டார் கூட்டக் குறிப்புகளை, அதாவது ஆசிரியர் தன் பொறுப்பில் உள்ள மாணவர்களைச் சந்தித்து வழிகாட்டும் கூட்டங்களின் குறிப்புகளை, எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்கிறார்கள். நடந்தது நான்கு கூட்டம், ஃபைலில் வேண்டியது முப்பத்தாறு. இது தவிர, ஸ்கோபஸ் என்ற சர்வதேச ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் ஆண்டுக்கு இரண்டு கட்டுரை வராவிட்டால் இன்கிரிமென்ட் கிடையாது. மே மாதத்தில் ஐந்து அட்மிஷன் கொண்டுவராததால் பத்து நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள். மாணவர் ஃபீட்பேக்கில் 5-க்கு 3.6 வந்ததற்கு மெமோ. போன வருடம் பயத்தில் 12,000 ரூபாய் கொடுத்து ஒரு கட்டுரையில் நான்காவது ஆசிரியராகப் பெயர் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டுரையை அவர் இன்றுவரை படித்ததில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றால் அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருக்கின்றன. மூன்று மாதச் சம்பளம் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள்.

“சுயநிதிக் கல்லூரி ஆசிரியருக்கு உரிமை என்று எதுவும் இல்லைதானே? ஒரு முறை தப்புச் செய்துவிட்டேன், இனி என்னால் எதிர்த்துப் பேச முடியுமா?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். முடியும். நேற்று ஒரு தவறான காகிதத்தில் உங்கள் பெயர் வந்தது என்பதால் இன்று இன்னொரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை. “நீயும்தானே செய்தாய்” என்று சொல்லியே பலரையும் வரிசையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். என் அலுவலகத்துக்கு வரும் கல்லூரி ஆசிரியர்கள் பாதிப் பேர் இந்த ஒரு வாக்கியத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அளவிடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் அந்த 47-க்குள் இருக்கிறார்கள். அதை எண்ணிப் பார்த்திருக்காவிட்டால் நமக்கே தெரிந்திருக்காது. 1994-ல் நாக் வந்ததும், 2016-ல் என்.ஐ.ஆர்.எஃப் என்ற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையின் முதல் பட்டியல் வந்ததும், கட்டுகிற ஃபீஸுக்கு உள்ளே என்ன கிடைக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்ற நியாயத்தோடுதான். 2017-ல் நாக் முறையை மாற்றி, மதிப்பெண்ணில் பெரும்பகுதியை எண்களுக்கும் ஆவணங்களுக்கும் கொடுத்தார்கள். நேரில் வரும் குழுவின் விருப்பு வெறுப்பைக் குறைப்பது நோக்கம். ஆனால் மாணவர் சேர்க்கையும் கல்லூரியின் பெயரும் அந்த கிரேடைச் சார்ந்தே இருக்கும்போது, வேலையை உருவாக்குவதைவிட வேலைக்கான ஆதாரத்தை உருவாக்குவது சுலபம் என்று நிர்வாகங்கள் கண்டுகொண்டன. 2025 பிப்ரவரியில், ஆந்திராவில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு உச்ச கிரேடான ஏ டபுள் பிளஸ் தர லஞ்சம் வாங்கியதாக, நாக் ஆய்வுக் குழுத் தலைவர் உட்பட பத்துப் பேரை சி.பி.ஐ கைது செய்ததைப் படித்திருப்பீர்கள். உங்கள் செமினார் ஹால் பூங்கொத்து அந்தச் சங்கிலியின் கீழ்க்கண்ணி. மேலே இருப்பவர்களுக்குக் கிரேடு கிடைக்கிறது, கீழே இருக்கும் உங்களிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்.

அந்த முப்பத்தாறு கூட்டங்கள்

நடக்காத கூட்டத்துக்குக் குறிப்பு எழுதி, பழைய தேதி போட்டு, மாணவர் வருகையையும் நிரப்பிக் கையெழுத்திட்டால், அது பொய் ஆவணம். மாணவர்களின் கையெழுத்தையும் யாராவது போட்டுவிட்டால் விவகாரம் இன்னும் பெரிது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆவது பிரிவு போலி ஆவணத்தை உருவாக்குவதையும், 340-ஆவது பிரிவு அதை உண்மையானது போலப் பயன்படுத்துவதையும் பற்றிப் பேசுகின்றன. உங்கள் மேல் நாளைக்கே வழக்கு வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இத்தகைய ஃபைல்களுக்காக ஆசிரியர் மேல் வழக்கு வருவது அபூர்வம். ஆனால் நாக் தரவுகளைச் சரிபார்க்கும் கட்டத்தில் ஏதாவது இடித்தால், “இதைத் தயாரித்தது யார்?” என்ற கேள்விக்கு நிர்வாகம் உங்கள் பெயரைத்தான் காட்டும். வாய்மொழியாகச் சொன்ன நாக் ஒருங்கிணைப்பாளரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

அதனால் மறுக்கும்போது சண்டை போட்டு மறுக்காதீர்கள். ஒரு மின்னஞ்சல் போதும்: “என் பதிவுகளின்படி நடந்த கூட்டங்கள் நான்கு. அவற்றின் குறிப்புகளை இணைத்திருக்கிறேன். மற்றவற்றைப் பற்றி என்னிடம் பதிவு இல்லை.” இதில் குற்றச்சாட்டு கிடையாது. வேலையை மறுத்ததாகவும் சொல்ல முடியாது.

அப்புறம், உங்கள் கடிதத்தில் ஓரமாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சாயங்காலம் பஸ் வரும்வரை ஏழெட்டு மாணவிகளுக்குப் பின்னங்களும் குறிக்கணக்கும் சொல்லித் தருகிறீர்கள், பிளஸ் டூவில் கணிதமே படிக்காமல் வந்தவர்கள், “இதுக்கெல்லாம் ஃபைலில் இடம் கிடையாது மேடம்” என்று. இது உங்கள் தவறான எண்ணம். உங்கள் கையில் இருக்கும் அதே இரண்டாவது க்ரைட்டீரியனில் மெதுவாகக் கற்கும் மாணவர்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்பதைக் காட்ட இடம் உண்டு. தேதி, வந்தவர் பெயர், அன்று நடத்திய பாடம், ஒரு சின்னத் தேர்வின் முன்னும் பின்னும் எடுத்த மதிப்பெண் என்று நான்கு பத்தி கோடு போட்ட நோட்டு ஒன்றை இன்றைக்கே தொடங்குங்கள். பொய்யான முப்பத்திரண்டை விட இது ஒருங்கிணைப்பாளருக்கும் பயன்படும். உங்கள் மறுப்போடு சேர்த்து இதைக் கொடுத்தால், வெறும் கையோடு மறுத்தவர் என்ற பெயர் வராது.

வாங்கிய கட்டுரை

இதில்தான் நான் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. “யூஜிசி விதிப்படி பேப்பர் கட்டாயம்” என்று பல்கலைக்கழக மானியக் குழுவைக் காட்டி எழுதியிருக்கிறீர்கள். 2010-ல் ஏ.பி.ஐ என்று, வெளியிட்ட கட்டுரை உட்பட ஆசிரியரின் பணிகளுக்கு மதிப்பெண் போடும் முறை வந்தபோது அப்படி ஒரு நெருக்கடி இருந்தது உண்மை. ஆனால் 2018 விதிமுறைகள் கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வில் கற்பித்தலை முன்னே வைத்தன. ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் ‘நன்று’. உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு என்றும் அதிலேயே இருக்கிறது. நீங்கள் எடுப்பது 20. ஆண்டுக்கு இரண்டு ஸ்கோபஸ் என்பது உங்கள் நிர்வாகம் வைத்த இலக்கு, யூஜிசியின் பெயரில் வருகிறது, அவ்வளவுதான். பிஎச்.டி. முடிக்க இதழ்க் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையைக்கூட 2022 நவம்பரில் யூஜிசி எடுத்துவிட்டது. அங்கீகரித்த இதழ்களின் கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டது.

நிர்வாகம் ஏன் ஸ்கோபஸ் என்று துடிக்கிறது? என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசையில் ஆராய்ச்சிக்குத் தனி மதிப்பெண் உண்டு, அதை எண்ணுவது ஆசிரியரின் பெயரைக் கல்லூரியின் பெயரோடு சேர்த்து. பணம் கொடுத்துப் பெயர் சேர்க்கும் கடைகள் இதனால்தான் பெருகின. இந்த வியாபாரம் உலகம் முழுக்க உண்டு. 2023-ல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இப்போது காற்று திரும்பிவிட்டது. 2025 என்.ஐ.ஆர்.எஃப் பட்டியலிலிருந்து, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். இதுவரை உங்களை வாங்கச் சொன்ன அதே நிர்வாகம், அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் உங்களிடம்தான் விளக்கம் கேட்கும். அந்தக் கட்டுரை வேறொருவரிடமிருந்து திருடியது என்று தெரிந்தால், யூஜிசியின் 2018 கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகள் வரும். பிறர் எழுத்தோடு ஒற்றுமை 40 முதல் 60 சதவீதம் வரை என்றால் ஒரு இன்கிரிமென்ட், 60-க்கு மேல் என்றால் இரண்டு இன்கிரிமென்ட் போகும்; சில ஆண்டுகளுக்கு மாணவர்களுக்கு ஆய்வு வழிகாட்டவும் முடியாது. தண்டனை கட்டுரையின் ஆசிரியர்களாகப் பெயர் இருப்பவர்களுக்குத்தான்.

உங்களுக்கு மூன்று வழி. சும்மா இருப்பது ஒன்று. அதை நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது, அந்தக் கட்டுரையை உங்கள் சுயவிவரம், கூகுள் ஸ்காலர் பக்கம், வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலிருந்தும் இன்றே எடுத்துவிடுவது. இனி எந்தப் பலனுக்காகவும் அதைக் காட்டக் கூடாது. மூன்றாவது, இதழின் ஆசிரியருக்கு எழுதி, “இந்த ஆய்வில் என் பங்களிப்பு இல்லை, என் பெயரை நீக்குங்கள்” என்று கேட்பது. இதனால் கட்டுரையே திரும்பப் பெறப்படலாம், மற்ற மூவர் கோபப்படலாம், உங்கள் கடிதம் ஒப்புதல் வாக்குமூலமாகவும் இருக்கும். ஆனாலும் இதைச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். தானாக வந்து திருத்தியவரையும் பிடிபட்டவரையும் எந்த விசாரணைக் குழுவும் ஒரே தட்டில் வைப்பதில்லை. ஒரு விஷயம்: சான்றிதழ் உங்கள் கைக்கு வந்த பிறகு எழுதுங்கள். எழுதுவதற்கு முன் வரைவை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

3.6 என்ற எண்

மெமோவுக்கு எழுத்தில் பதில் கொடுங்கள். மௌனமாக இருந்தால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக்கூடும். 60 பேர் வகுப்பில் ஃபீட்பேக் கொடுத்தது 22 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 18 பேரின் சராசரி 4.2 ஆக இருந்து, மீதி நான்கு பேர் கோபத்தில் 1 போட்டிருந்தால் மொத்தச் சராசரி 3.6 தான் வரும். இன்டர்னல் மதிப்பெண் குறைத்த அதே வாரத்தில் ஃபீட்பேக் எடுத்தார்கள் என்பதையும் சேருங்கள். எத்தனை பேர் பதில் சொன்னார்கள், வருகை குறைந்தவர்களும் பதில் சொன்னார்களா, துறையின் மற்றப் பாடங்களின் சராசரி என்ன என்று மூன்று விவரம் கேளுங்கள். கூடவே, அந்த 3.6-க்குள் உண்மையிலேயே கேட்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். வேகமாக நடத்துகிறார் என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அது பயனுள்ள தகவல்.

மே மாதச் சம்பளம் பிடித்தது அப்பட்டமாகத் தவறு. நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்ட எதிலும் அட்மிஷன் இலக்கு இல்லையென்றால் அதற்காகச் சம்பளம் பிடிக்க முடியாது. எந்தக் காரணத்துக்காகப் பிடித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டுவையுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்கள் கேட்ட கடிதம் பின்னால் உதவும்.

சான்றிதழும் வேலையும்

உரிமையே இல்லை என்பது சரியல்ல. ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் இடத்தில் அது இல்லை. லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர் தொழில் தகராறுச் சட்டத்தின்படி தொழிலாளர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்று உங்கள் சக ஆசிரியர் சொன்னதும் பாதிதான் சரி. அரசு உதவி பெறாத தனியார் நிறுவனத்துக்கும் ஆசிரியருக்கும் இடையிலான வெறும் பணி ஒப்பந்தப் பிரச்சினைக்கு, சட்ட விதி எதுவும் பின்னால் இல்லாதபோது, ரிட் வராது என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களுக்கு அந்தச் சட்ட விதி இருக்கிறது என்பதுதான் நல்ல செய்தி. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிய அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் தனியார் கல்லூரி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. உங்கள் கல்லூரி சிறுபான்மை நிறுவனமா என்பதைப் பொறுத்து இது மாறும். அதை எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். கல்விச் சான்றிதழ் விற்பனைப் பொருள் அல்ல, ஒப்பந்தச் சட்டத்தின் 171-ஆவது பிரிவைக் காட்டி அதைப் பிணையாகப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் காலத்துக்கான பணம் அவர்களுக்கு நியாயமாக வர வேண்டியிருந்தால் அதைத் தனியாகக் கேட்கட்டும், அதுவும் உண்மையில் ஏற்பட்ட இழப்புக்கு ஏற்ற நியாயமான தொகையைத்தான். முதலில் மின்னஞ்சலில் கேளுங்கள். ஒரு வாரம் கழித்து அதையே தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, ஒப்படைத்ததற்கான அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் புகார். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். சிலர் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீசில் பொய்ப் புகார் கொடுத்து நகல் வாங்கச் சொல்வார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தக் காகிதம் நிர்வாகத்திடம் இருப்பது எல்லோருக்கும் தெரியும், பொய் வெளியே வர ஒரு நாள் போதும்.

அவர்கள் ஏன் அந்தக் காகிதத்தை விடமாட்டேன் என்கிறார்கள் தெரியுமா? மாணவர் ஆசிரியர் விகிதத்துக்கும் மதிப்பெண் உண்டு. தலை எண்ணிக்கை குறைந்தால் கிரேடு குறையும். 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது. ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தார். ஆளை விட்டாலும் பெயரை விடாத பழக்கம் இப்படித்தான் வளர்ந்தது. அதனால் நீங்கள் வெளியேறும்போது பணி விடுவிப்பு ஆணையைக் கையில் வாங்குங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் என்.ஐ.ஆர்.எஃப் தரவுக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஆசிரியர் பட்டியல் அதில் பெயர், தகுதி, சேர்ந்த தேதியோடு இருக்கும். நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டியிருந்தால் உடனே எழுதுங்கள்.

இதே கோப்பு இன்றைக்கும் உங்களுக்குப் பயன்படும். நியமன ஆணை தரவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். கல்லூரி தானே பதிவேற்றிய பட்டியலில் நீங்கள் எந்தத் தேதியில், எந்தப் பதவியில் சேர்ந்தீர்கள் என்று இருக்கிறதே, அதைவிட வலுவான சாட்சி எது? அதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அறிக்கை, பி.எஃப் பாஸ்புக், வாட்ஸ்அப் உத்தரவுகள் எல்லாவற்றையும் சேமியுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை நீதிமன்றத்தில் காட்ட பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி ஒரு சான்று வேண்டும் என்பதால் அந்தப் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மாணவர்களின் மதிப்பெண், தொலைபேசி எண் போன்றவற்றை மட்டும் நகல் எடுக்காதீர்கள். அவை உங்களுடையவை அல்ல.

கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. சுயநிதிக்கு அது கிடையாது என்று நினைத்திருப்பீர்கள். உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களுக்கும் கொடுத்தார்கள், 2022 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒன்பது ஆண்டுக்கு, 32,000 ரூபாயும் அடிப்படைச் சம்பளமாகக் கொண்டால், மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஆண்டுக்கு 15 நாள் என்ற கணக்கில் சுமார் 1,66,000 ரூபாய் வரும். நிர்வாகம் கேட்கும் மூன்று மாதச் சம்பளம் 96,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

வேலையை இப்போதே விடுவதா, செமஸ்டர் முடிந்து விடுவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். வீட்டுக் கடன் இருப்பதாகவும் கணவரின் வருமானம் நிலையில்லாதது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் வேறு இடம் உறுதியாகாமல் ராஜினாமா எழுதாதீர்கள், கோபத்தில் அவர்கள் நீட்டும் வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். செமஸ்டர் நடுவில் போனால் இழப்பீடு கேட்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும். சாயங்காலப் பிள்ளைகளுக்கும் தேர்வு வரை நீங்கள் வேண்டும்.

அந்த நான்கு கூட்டங்களின் மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். நாக் குழு வருவதற்கு முன் அது பதிவில் இருக்க வேண்டும். அனுப்பிய பிறகு என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்து சான்றிதழுக்கான கடிதத்தின் வரைவை அனுப்புகிறேன்.